முதல் சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கவுன்சில் அரங்குகள் பிரிவு அலுவலர்களுக்கும், எங்கள் வார்டின் மூன்று கவுன்சிலர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். மனதில் இருப்பது முழுதாக வரவேண்டுமானால் எனக்கு என் மொழியில் எழுதியாக வேண்டும். அதனால் தமிழிலும் எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை எங்கள் கேய்லி (ஸ்காட்லாந்தில் ஊர் கூடி ஆடும் நடனம்) குழுவில் ஐந்து பேரும் படித்தோம். வரும் செப்டம்பரிலிருந்து மே வரை, ஊர் அரங்கத்தில் நாங்கள் ஆடிவந்த மாதத்தின் முதல் சனிக்கிழமைகளை எங்களுக்கென்று முன்கூட்டியே ஒதுக்க முடியாது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஆறு வாரம் முன்னதாகத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். வேறு யாரும் கேட்காமல் இருந்தால் அரங்கம் எங்களுக்கு. இதுதான் செய்தி. போன பருவத்தில் அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி என மூன்று முறை எங்களை இடமோ தேதியோ மாற்றச் சொன்னீர்கள். அப்போது அதை விதிவிலக்கு என்றீர்கள். இப்போது அதுவே விதியாகிவிட்டது.

நாங்கள் கேட்பது பணமோ வாடகைத் தள்ளுபடியோ இல்லை. ஒன்பது தேதிகள். செப்டம்பர் முதல் மே வரை ஒன்பது முதல் சனிக்கிழமைகளை, அந்தப் பழைய அரங்கத்தில், இப்போதே உறுதி செய்து தாருங்கள்.

பிப்ரவரி இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று உங்களில் யாரும் அங்கே இல்லை. சனிக்கிழமை நடனம், அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் உங்கள் கடிதம்: அரங்கம் ஒரு விருந்துக்குத் தேவைப்படுகிறது, பதிலாக ஓய்வுநேர மையத்தின் கூட்ட அறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த அறைக்குச் சிமெண்டுத் தளம், மேலே கம்பளம் ஒட்டியிருக்கிறது. நடுவில் இரண்டு தூண்கள். கூட்டம் போட நல்ல அறைதான். கேய்லி ஆட அது ஆகாது. ஏன் ஆகாது என்று நாங்கள் தொலைபேசியில் சொன்னபோது, "தரை தரைதானே" என்று பதில் வந்தது.

தரை தரைதான் இல்லை. பழைய அரங்கத்தில் பலகைகளுக்கு அடியில் மரச்சட்டம், சட்டத்துக்குக் கீழே இடைவெளி. எழுபது பேர் ஒரே தாளத்தில் குதித்தால் தரை கொஞ்சம் தாழ்ந்து, குதித்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். முழங்காலுக்கு வருவது மிச்சம்தான். அதோடு, தோல் அடிப்பாகம் வைத்த செருப்பு மரத்தில் வழுக்கிச் சுழலும். கம்பளத்தில் அது பிடித்துக்கொள்ளும்.

அன்று இரண்டாவது பாதியில் ஸ்ட்ரிப் த வில்லோ என்ற நடனம் ஆடினோம். என் சொந்த ஊரில் பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். நான்கு ஜோடிகள், ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. மேலே நிற்கும் ஜோடி வலக்கை கோத்துச் சுழன்றுவிட்டு, வரிசையில் அடுத்தவரோடு இடக்கை, மறுபடி தன் ஜோடியோடு வலக்கை, அதற்கடுத்தவரோடு இடக்கை என்று கடைசிவரை பின்னிக்கொண்டே இறங்க வேண்டும். வேகமான ஜிக் தாளம். முழங்கையைப் பிடித்து உடம்பை வெளியே சாய்த்துச் சுழலும்போது பாதமும் கூடவே திரும்பியாக வேண்டும். கம்பளம் பாதத்தை விடவில்லை. உடம்பு திரும்பியது, பாதம் நின்றது, நடுவில் ஒருவருடைய முழங்கால் முறுக்கிக்கொண்டது. எங்களோடு ஆரம்ப நாளிலிருந்து ஆடிவரும் 76 வயதுப் பெண்மணி அவர். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கிறிஸ்துமஸுக்கு முன் கற்றுக்கொண்ட ஆட்டத்தை அறுபது வருடமாக ஆடி வருகிறவர். வலியில் முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் என்னிடம் முதலில் சொன்னது, "சீக்கிரம் இன்னொருவரைப் பிடி, நாலாவது ஜோடி இல்லாமல் அவர்கள் நிற்கிறார்கள்" என்பதுதான்.

அவருடைய முழங்கால் ஏப்ரலுக்குள் தேறிவிட்டது. ஆனால் அவர் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் எனக்குத் தொலைபேசி செய்கிறார். "இந்த மாதம் பலகையா, கம்பளமா?" என்று கேட்கிறார். மூன்று வாரம் முன்னால் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மூன்று நாள் முன்னால் பதில் சொன்னால் அவருக்கு வண்டி ஏற்பாடு செய்ய நேரமில்லை. பேருந்து ஏழு மணிக்கு மேல் அவர் தெருவுக்குப் போவதில்லை. வருடக்கணக்கில் முதல் சனிக்கிழமை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமலே காரை எடுத்து நிறுத்துவார். அது ஒரு பழக்கம். பழக்கத்தை உடைத்தது நீங்கள்.

அன்றைய இசையைப் பற்றியும் சொல்கிறேன். நல்ல கேய்லி இசைக்குழுக்கள் ஒரு வருடம் முன்னதாகவே பதிவாகிவிடும். கவிஞர் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25 பர்ன்ஸ் இரவு, நவம்பர் 30 செயிண்ட் ஆண்ட்ரூஸ் நாள், புத்தாண்டுக்கு முந்தைய ஹாக்மனே இரவு, கோடையில் கல்யாணங்கள். அக்கார்டியன், ஃபிடில், கீபோர்டு, டிரம்ஸ் என்று நால்வர் பெர்த்ஷயரிலிருந்து இங்கே ஒரு சின்ன ஊருக்கு வருவதே நாங்கள் தேதியில் நம்பிக்கையாக இருந்ததால்தான். டிசம்பரில் நீங்கள் தேதியைத் தள்ளச் சொன்னபோது அவர்களுக்கு வேறு தேதி இல்லை. முன்பணம் போயிற்று. பிப்ரவரிக்கும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்; அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிப்ரவரியில் நாங்கள் ஒலிப்பதிவுக்கு ஆடினோம்.

பதிவு செய்த இசைக்குக் கண் இல்லை. நேரில் வாசிப்பவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள். ஒரு வரிசையில் நான்குக்குப் பதில் ஐந்து ஜோடி நின்றுவிட்டால் இன்னொரு சுற்று வாசித்து அந்த ஐந்தாவது ஜோடிக்கும் முறை கொடுப்பார்கள். புதிதாக வந்தவர்கள் தடுமாறினால் தாளத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். மைக்கில் அடவு சொல்லி நடத்துபவருக்கும் அவர்களுக்கும் ஒரு கண்சாடை போதும். அன்று ஐந்தாவது ஜோடி, ஊருக்குப் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி, தங்கள் முறை வருமுன் பாட்டு முடிந்துபோக அப்படியே நின்றார்கள். அப்புறம் நான் அவர்களைப் பார்க்கவில்லை.

உங்கள் கணக்கில் எங்கள் நடனம் ஒன்பது தனித்தனி நிகழ்ச்சிகள். ஒன்றை நகர்த்தினால் மற்ற எட்டு இருக்கிறதே என்று நினைக்கிறீர்கள். தவறு அங்கேதான் இருக்கிறது. செப்டம்பரில் வருபவருக்குக் கே கோர்டன்ஸ் என்ற ஜோடி நடனத்தில் எப்போது திரும்ப வேண்டும் என்றே தெரியாது. நவம்பரில் கால் தானே போகும். பிப்ரவரியில் அவர் புதிதாக வந்த இன்னொருவரின் தோளைத் தொட்டு, "இந்தப் பக்கம்" என்று திருப்பிவிடுவார். ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தே இந்த ஆட்டம் வளர்கிறது. இடையில் ஒரு மாதம் அறுந்தால் அந்தக் கை விட்டுப்போகிறது.

கேய்லி என்ற, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் சொல்லுக்கு முதலில் நடனம் என்ற பொருளே கிடையாது. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய் உட்கார்வது, அவ்வளவுதான். ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியிலும் தீவுகளிலும் குளிர்கால இரவுகளில் ஊரில் ஏதோ ஒரு வீட்டில் நெருப்பு எரியும். கதை, பாட்டு, கொஞ்சம் ஃபிடில். யாரையும் யாரும் அழைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் நகரத்துக்கு அந்த வீடு இந்த அரங்கம். எந்த வீடு, எந்த நாள் என்று தெரியாவிட்டால் யார் புறப்படுவார்கள்?

நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்; கடைக்காரரைத் தவிர என் பெயர் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு முதல் சனிக்கிழமை அந்த அரங்கத்துக்குள் போனேன். டாஷிங் வொயிட் சார்ஜெண்ட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர், எதிரே மூன்று பேர். எட்டெட்டு அடியாக ஆடி முடித்ததும் எதிரே இருப்பவர்களைக் கடந்துபோய் அடுத்த மூவரைச் சந்திக்க வேண்டும். ஒரு கை என்னை இழுத்து நடுவில் நிறுத்தியது. அந்த ஒரே ஆட்டத்தில் நான் இருபத்து நான்கு பேரை நேருக்கு நேர் சந்தித்தேன். மறுநாள் தெருவில் மூன்று பேர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். அந்த 76 வயதுப் பெண்மணிதான் அன்று என்னை இழுத்தவர்.

கல்யாணங்களுக்கு அரங்கம் தேவை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் நடக்கும் கல்யாணங்களில் ராத்திரி ஆடுவது எங்கள் ஆட்டங்களைத்தான். கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்து பழகிவிட்டுப் போகிறார்கள். வருடத்தில் 52 சனிக்கிழமை. நாங்கள் கேட்பது ஒன்பது, அதிலும் கல்யாணங்கள் குவியும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் சுற்றுலாக் கையேட்டின் அட்டையில் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை அணிந்த ஜோடிகள் ஆடுகிறார்கள். பள்ளிகளில் ஒவ்வொரு டிசம்பரிலும் பிள்ளைகளுக்கு இதே ஆட்டங்களைக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2024இல் பிரிட்டன் யுனெஸ்கோவின் வாழும் மரபுகளுக்கான உடன்படிக்கையில் சேர்ந்தபோது எல்லாரும் பெருமைப்பட்டார்கள். ஸ்காட்டிஷ் நாட்டுப்புற நடனம் அழிந்துவிடக்கூடாதென்று ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் கிளாஸ்கோவில் 1923இல் சங்கம் தொடங்கினார்கள். நூறு வருடத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு கதவுச் சாவிக்காக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, பதினெட்டு வயதுக்குப் பிறகு அதை எங்கே போய் ஆடச் சொல்கிறீர்கள்? இந்த அரங்கத்தைப் பழைய பர்க் சபை, அதாவது அந்தக்கால நகரசபை, ஊர்மக்கள் கூடுவதற்காகக் கட்டியது. 1975இல் அந்தச் சபை கலைக்கப்பட்டது, 1996இல் மாவட்டக் கவுன்சிலும் போனது, கட்டடம் உங்கள் பொறுப்புக்கு வந்தது. கட்டடத்தோடு அது கட்டப்பட்ட காரணமும் உங்களிடம் வந்திருக்க வேண்டும். இரவில் அந்த வழியாக நடக்கிறேன். விருந்தும் இல்லை, கல்யாணமும் இல்லை, எத்தனையோ சனிக்கிழமைகளில் ஜன்னல்கள் இருட்டாகத்தான் இருக்கின்றன.

எங்கள் குழுவில் சிலர், 2015ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளிப்புச் சட்டத்தின்படி உங்களிடம் முறையான பங்கேற்புக் கோரிக்கை கொடுக்கலாம் என்கிறார்கள். இன்னும் கோபமாக இருப்பவர்கள், அதே சட்டத்தில் அரங்கத்தையே ஊர் எடுத்து நடத்தக் கேட்கலாம் என்கிறார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான்தான் பொறுங்கள் என்று சொல்லிவருகிறேன். அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் ஊழியர் எங்களுக்கு எத்தனை முறை உதவியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வேலை குறைப்பினால் அவர் இப்போது நான்கு கட்டடங்களுக்கு ஓடுகிறார் என்பதும் தெரியும். பூட்டுவதும் திறப்பதும்தான் சிரமம் என்றால் சொல்லுங்கள். நாற்காலி அடுக்க, தரை பெருக்க, விளக்கணைத்துப் பூட்ட எங்களில் இரண்டு பேர் பயிற்சி எடுத்துக்கொள்ளத் தயார். பத்தரை மணிக்கு முடிக்க வேண்டும் என்றாலும் சரி, முடித்துக்கொள்கிறோம்.

கோபத்தில் ஏதாவது சொல் தடித்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் கோரிக்கையை மாற்றிக்கொள்ள என்னால் முடியாது. செப்டம்பர் முதல் மே வரை ஒன்பது முதல் சனிக்கிழமைகள், பலகைத் தரை உள்ள அந்த அரங்கத்தில், முன்கூட்டியே, எழுத்தில்.

ஜூன் மாத இறுதிக்குள் பதில் தந்தால் அந்த பெர்த்ஷயர் இசைக்குழுவிடம் மறுபடி பேச எங்களுக்கு நேரம் இருக்கும். செப்டம்பருக்கு அவர்களுக்கு இன்னும் ஒரு சனிக்கிழமை காலியாக இருக்கிறது, முதல் சனிக்கிழமைதான். பதில் வந்த அன்றே நான் செய்யப்போகும் முதல் தொலைபேசி அந்தப் பெண்மணிக்கு. பலகைதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். தயவுசெய்து அதைச் சொல்ல எனக்கு வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
கேய்லி குழுவுக்காக, உங்கள் ஊர்க்காரி ஒருத்தி