தலை ஒண்டு, கால் ஒண்டு

நல்லூர்
12.08.2024

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். கொம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூட, வழமைதான். கோயில் கொடியேறிவிட்டது, ரோட்டெல்லாம் மறிச்சிருக்கு.

போன் எடுத்தால் "வேலைக்குப் போறன் அப்பா" எண்டு வைச்சுவிடுகிறாய். மூன்று கிழமையாய் இதே கதை. அதுதான் கடதாசி எடுத்தனான். இதை இடையில வெட்டேலாது.

வெடுக்குநாறி மலைச் சிவன் கோயிலுக்காக நீ பதாகையோட பனிக்குள்ள நிண்ட படத்தை இன்னும் வைச்சிருக்கிறன். மார்ச் 8, சிவராத்திரி இரவு, பூசைக்குப் போன சனத்தில எட்டுப் பேரைப் பொலிஸ் பிடிச்சு 19 மட்டும் உள்ளுக்க வைச்சிருந்தாங்கள். "சைவன் சிவராத்திரிக்குக் கோயிலில நிக்கிறது குற்றமோ" எண்டு நீ எழுதினதை வாசிகசாலையில எல்லாருக்கும் காட்டினனான். ஒரு பெருமைதான்.

போன மாதம் குடும்பக் குறூப்பில முஸ்லிம் சனத்தைப் பற்றி நீ போட்ட மற்றதையும் வாசிச்சன். "அவங்களைத் தலையெடுக்க விட்டதுதான் பிழை" எண்டு. அதை ஒருத்தருக்கும் காட்டேல்லை. இரண்டையும் ஒரே கையால எப்பிடித் தம்பி எழுதினனீ?

அரசியலமைப்பின்ர 9ஆம் பிரிவு புத்தசமயத்துக்கு முதலிடம் குடுக்குது எண்டு கூட்டத்துக்குக் கூட்டம் கத்துறம். பக்கத்தில 10 இருக்கு, அதை ஆர் வாசிக்கினம்? ஆளாளுக்குச் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம். விரும்பின சமயத்தை வைச்சிருக்கவும் உரிமை, எடுக்கவும் உரிமை. "எடுக்கவும்" எண்டது அதில இருக்கு. பிறந்த சமயம் மட்டும் எண்டு இல்லை. தபால் கந்தோரில முப்பது வருசம் விதிக்கோவை வாசிச்சவன், சொல்லுக்குச் சொல் பார்ப்பன், கோவியாதை.

உன்ர பிள்ளை இஸ்லாத்தை எடுத்தாள் எண்டு அவளோட கத்தாதை.

கொரோனாவில செத்த முஸ்லிம் சனத்தை எரிச்சது ஞாபகமிருக்கும். புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லியும் கேக்கேல்லை. பிறந்து 20 நாள் குழந்தையையும் எரிச்சாங்கள். பொரளை மயான வேலியில சனம் வெள்ளைத் துணி கட்டினது. 2021 மாசியில பொத்துவிலில இருந்து பொலிகண்டிக்கு நடந்தவை எங்கட கோரிக்கையளோட ஜனாசாவை அடக்க விடு எண்டதையும் சேர்த்துத்தான் நடந்தவை. நானும் முழங்கால் நோவோட ரோட்டுக் கரையில நிண்டனான். போன மாதம்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது, 276 பேரை எரிச்சு முடிச்ச பிறகு. நீ குறூப்பில அதைப் போட்டதும் அந்த மாதம்தான்.

மருமகள் படம் அனுப்பினவ. முக்காடு போட்டாலும் பிள்ளைக்கு ஆச்சியின்ர மூக்குத்தான். கொம்மா பார்த்துப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை, சாப்பிடேல்லை. எனக்கும் விருப்பம் எண்டு பொய் சொல்லமாட்டன். எண்டாலும் கத்தாதை. அவளுக்கு இருபது வயசு.

இதைச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை.

1990, ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை. உனக்குப் பதினொரு வயசு. சோனகதெருவில ஸ்பீக்கர் கட்டின வாகனத்தில கூப்பிட்டு, ஒஸ்மானியாக் கல்லூரியில சேர்த்து, இரண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொன்னவை. எங்கட பெடியள்தான், புலிகள்தான் சொன்னவை. வடக்கு முழுக்க 70,000க்கு மேல முஸ்லிம் சனம் போனது. ரெயிலர் நானாவை நினைவிருக்கோ? அந்தத் தீபாவளிக்கு உனக்கு நீலக் காற்சட்டை தைச்சுத் தந்தவர்.

அண்டைக்கு அவர் எங்கட படலைக்கு வந்தவர். மெசின் தலையைக் கழட்டிச் சைக்கிள் கரியரில கட்டியிருந்தது. மூன்று தரம் பெல் அடிச்சவர். நான் யன்னல் சீலைக்குப் பின்னால நிண்டனான். நீங்கள் பள்ளிக்கூடம், கொம்மா கிணத்தடி. பெடியள் கண்டால் என்ன நடக்கும் எண்ட பயம். பயம் மட்டும்தானோ எண்டு இப்ப நிச்சயமாய்ச் சொல்லத் தெரியேல்லை. அவர் யன்னலைப் பார்த்தவர், திரும்பிப் போயிட்டார்.

இரண்டு மாசத்தால அந்தச் சனத்தின்ர சாமான் மலிவாய் வித்தது. அந்தத் தலை அங்க கிடந்தது. நூல் கம்பியில நானா சுத்தின பச்சைத் துணி அப்பிடியே இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தனான். திருப்பிக் குடுக்கத்தான் வாங்கினது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். கொம்மாவுக்கு, கடையில வாங்கினது எண்டன். அதுக்குப் பிறகு உங்கட பள்ளிக்கூடச் சட்டை முழுக்க அதிலதான் தைச்சது. தலை ஒண்டு, கால் ஒண்டு எண்டு நீங்கள் பகிடி பண்ணுவியள். நானும் சேர்ந்து சிரிப்பன்.

திரும்பி வந்த ஆக்களிட்டை விசாரிச்சன். நானா மௌத்தாம். மகள் புத்தளத்தில இருக்கிறாவாம். மூன்று தரம் வெளிக்கிட்டுப் படலை மட்டும் போனனான். கொம்மா இப்பவும் அதில தலையணை உறை தைக்கிறா. சத்தம் கேட்டால் நான் வாசிகசாலைக்குப் போயிடுவன்.

போன ஞாயிறு பிள்ளை வீட்டை வந்து பெல் அடிச்சவளாம். நீ மேல் மாடியிலதான் நிண்டனியாம். மருமகள் சொன்னவ. அவவோட சண்டை பிடியாதை, நான்தான் துருவித் துருவிக் கேட்டனான்.

தேர் 1ஆம் திகதி. அதுக்கு முதல் பிள்ளைக்கு ஒருக்கால் எடு. மெசின் கதை கொம்மாவுக்குத் தெரியாது. நானே சொல்லுவன், நீ முந்தாதை.

அப்பா