கட்டை எடுத்த பிறகுதான் கணக்கு

கொழிஞ்சாம்பாறை
11.1.2026

அன்புள்ள சுப்பிரமணிக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ராத்திரி பகல் பார்க்காமல் அடிக்கிறது. பின்கட்டில் நாலு ஓடு பறந்துவிட்டது. ஏறி மாற்ற இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உன் மகன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையைப் பொறுப்பெடுத்துக்கொண்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது.

போன மாதம் அக்கா மகள் செல்வி வந்து இரண்டு நாள் இருந்தாள். விமானத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. வந்ததும் வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாதம் வீங்கி, ஷூ அழுத்திய கோடு அப்படியே பதிந்திருந்தது. டிவியில் முழுக்க விமானச் செய்திதான். டிசம்பர் 5ஆம் தேதி மட்டும் இண்டிகோவில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் ரத்து என்று ஓடியதே, அந்த வாரம். இவள் வேலை பார்ப்பது வேறு கம்பெனி. ஆனாலும் கண் எடுக்காமல் பார்த்தாள்.

மலையாளச் சேனல், தமிழ்ச் சேனல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எதிலும் குவிந்துகிடக்கும் பெட்டிகள், அழுகிற குழந்தை, கல்யாணத்துக்குப் போக முடியாத குடும்பம். அவர்கள் பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் காரணம் என்று வரும்போது, விமானிகளுக்குப் புதிதாக ஓய்வு விதி வந்ததால் சிக்கல் என்று ஒரே வரியில் முடித்தார்கள். வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது, வாரத்துக்கு ஆறு வரை இருந்த இரவுத் தரையிறக்கம் இரண்டாகக் குறைந்தது, இவைதான் விதியில் முக்கியம். இதை அறிவித்தது 2024 ஜனவரியில். தயாராவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தது. திட்டமிட்டதில் கோளாறு என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. "தூங்கணும்னு கேட்டதுதான் தப்புங்கிற மாதிரி சொல்றாங்க மாமா" என்றாள் செல்வி. எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் தன் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நேரம் எழுதியிருக்கிறாள். ஒரு பக்கத்தில், டியூட்டிக்கு வந்தது 3.10, கட்டை எடுத்தது 5.05. விமானச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்திருப்பார்கள் இல்லையா, அதை எடுத்து வண்டி நகர்ந்ததிலிருந்து, போய் நின்று திரும்பக் கட்டை வைக்கும்வரைதான் பறக்கும் மணிக்கணக்கு. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம் உண்டு. கையில் வரும் காசில் பெரும்பங்கு இந்த மணிக்கணக்கில்தான். ஆட்களை ஏற்றுவது, பெட்டி தூக்க உதவுவது, மூடுபனி விலகும்வரை கதவடைத்த விமானத்தில் கோபக்காரர்களுக்குப் பதில் சொல்வது எதுவும் அந்தக் கணக்கில் வராது.

உனக்கு நான் விளக்கவா வேண்டும்! லாரியில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் இரண்டு நாள், மூன்று நாள் நின்றோமே. ஓனர் நடைக்குத்தான் படி கொடுத்தார். நின்ற நாளுக்கு ஒரு டீக்காசு உண்டா? நீ ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவாய், நான் தார்ப்பாயில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேன். அப்போதும் பேப்பரில் லாரிகள் தேங்கியதால் கேரளத்தில் முட்டை விலை ஏறியது என்றுதான் வரும். உள்ளே உட்கார்ந்திருந்த நம்மை யாரும் வந்து கேட்கவில்லை.

2024 மே மாதம் நினைவிருக்கிறதா? ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள். வளைகுடாவுக்குப் போக வேண்டிய நம்மூர்ப் பிள்ளைகள் கண்ணூர், நெடும்பாசேரி விமான நிலையங்களில் விசா முடியப்போகிறதே என்று தவித்து நின்றார்கள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் கிடந்த கணவரைப் பார்க்கப் போக முடியாமல், அவர் இறந்த செய்தி கேட்டு ஒரு பெண் அழுததைக் கேரளமே பார்த்தது. அந்த அழுகையைக் காட்டத்தான் வேண்டும். நானும் கூடவே அழுதேன். ஆனால் பணியாளர்களுக்குள் பாரபட்சம் என்ற சங்கத்தின் புகார் அதற்கு முன்பே தொழிலாளர் ஆணையர் வரை போயிருந்தது. அப்போது எந்த மைக்கும் அங்கே போகவில்லை. 25 பேரை வேலையைவிட்டு எடுத்தார்கள். மே 9ஆம் தேதி டில்லியில் பேச்சுவார்த்தை நடந்து திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். விமானம் பறந்ததும் செய்தியும் நின்றது. அந்தப் பாரபட்சம் தீர்ந்ததா என்று பிறகு நான் தேடித் தேடிப் பார்த்தும் கண்ணில் படவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். போன ஆகஸ்டில் ஏர் கனடாவில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது முக்கியமாக, பறக்காமல் தரையில் வேலை செய்யும் நேரத்துக்கும் சம்பளம் கேட்டுத்தான். திரும்ப வேலைக்குப் போகச் சொல்லி அரசு உத்தரவு போட்டும் அசையவில்லை. கடைசியில் தரையில் செய்யும் வேலைக்கும் ஓரளவு காசு என்று ஒப்பந்தம் வந்தது. மற்றபடி சம்பளம் போதாது என்று அந்தப் பகுதியை 99 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டுத் தள்ளினார்கள். வேலைநிறுத்தத்தை நாள் முழுக்கக் காட்டிய சேனல்களில் இந்த ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

நிருபர்களைத் திட்டி எழுதவில்லை சுப்பிரமணி. பயணி பேசுவார், அழுவார். செல்வி பேசினால் வேலை போய்விடும். பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், பேச முடியாதவர்களுடைய கணக்கைத் தேடிப்போய் எடுப்பதுதான் அவர்கள் வேலை. அதைச் செய்யாதபோது ஜனங்களின் கோபம் முழுக்க எதிரே யூனிஃபார்மில் நிற்கிற பெண் மேல் இறங்குகிறது. ஒருத்தர் பாஸ்போர்ட்டை இவள் முகத்தில் விட்டெறிந்தாராம். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாள்.

ஒரு உதவி. நீ பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் வாளையாரில் நின்ற நாளையெல்லாம் பென்சிலில் குறித்து வைப்பாய். அதை அவளிடம் சொன்னேன். பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். இரும்புப் பெட்டியில் இன்னும் இருந்தால், பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா. மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம்வரை அவளுக்கு லீவு இருக்கிறது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஆறுமுகம்