சிவப்பை ஏத்தாம அப்படியே போடுங்கய்யா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன மாசம் வாசகர் படப் பக்கத்துல நான் அனுப்பின படம் வந்துச்சு, ரொம்ப சந்தோஷம், வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன், ஆனா ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்குது. அது ஏற்காட்டுல காபி தோட்டத்து வேலி ஓரம் எடுத்த செம்மீசைச் சின்னானோட குஞ்சு. பெரிய பறவையா இருந்தா கண்ணுக்குப் பின்னாடி குங்குமப் பொட்டு வச்ச மாதிரி ஒரு சின்ன சிவப்பு திட்டு இருக்கும், குஞ்சுக்கு அது வந்திருக்காது, வாலுக்கு அடியிலயும் நல்ல சிவப்பு இல்லாம துருப்பிடிச்ச மாதிரி ஒரு ஆரஞ்சு நிறம்தான். அதை வச்சுதான் குஞ்சுன்னே சொல்ல முடியும். அச்சுல பாத்தா அந்த வாலடி ரத்தச் சிவப்பா இருக்குது. பக்கத்து வீட்டு தம்பி பாத்துட்டு இது வாலடி சிவந்த நம்ம ஊர் சாதா கொண்டைக்குருவி தானேண்ணேன்னு கேக்குறான், அவனை குத்தம் சொல்ல முடியுமா சொல்லுங்க.

சிவப்பு எடுக்குறது கஷ்டமான வேலைங்க. கேமராவுக்குள்ள வெளிச்சத்தை வாங்கிப் பதியிற சென்சார் பெரும்பாலானதுல நாலு கட்டத்துக்கு 2 பச்சை, 1 நீலம், 1 சிவப்புன்னுதான் இருக்கும், அதனால சிவப்புல நுணுக்கம் கம்மியாத்தான் பதியும். அதுவும் கரும்பச்சை இலைக்கு நடுவுல சிவப்பா ஒண்ணு உக்காந்திருந்தா கேமரா மொத்தமும் இருட்டா இருக்குன்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்திடுது, சிவப்பு மட்டும் நிரம்பி வழிஞ்சு போகுது. வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம் ஹிஸ்டோகிராம், அதை மொத்தமா பாத்தா எல்லாம் சரியா இருக்குற மாதிரிதான் தெரியும், சிவப்பு கோட்டை தனியா பாத்தாதான் அது வலது ஓரத்துல போய் முட்டி நிக்கிறது தெரியும். அதனால வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைச்சு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்), முடிஞ்சா ரா ஃபைல்ல, அதாவது கேமரா பதிஞ்சதை சுருக்காம அப்படியே வைக்கிற ஃபைல்ல எடுக்கணும். வெயில் சுள்ளுன்னு அடிக்கிற நேரத்தை விட ஏற்காட்டு மூடுபனி நாள்தான் சிவப்புக்கு நல்ல நாள்.

இதை எனக்கு கத்துக்குடுத்தது ஒரு வெல்வெட் பூச்சிங்க. எங்க ஆத்தா பட்டுப்பூச்சின்னு சொல்லுவாங்க, புது மழை பெஞ்ச மறுநாள் காலையில செம்மண்ணுல ஊர்ந்து வருமே அதேதான். பூச்சின்னு சொல்றோமே தவிர எட்டு கால், சிலந்தி, தேளோட சொந்தம். வருசத்துல பெரும்பாலும் மண்ணுக்குள்ளதான் கெடக்கும், மழைக்கு அப்புறம் கொஞ்ச நேரம்தான் வெளிய வரும். என் அண்ணன் மகள் அதை தீப்பெட்டியில போட்டு எடுத்துட்டு வந்து சித்தப்பா பச்சை இலையில வச்சு எடுங்க அழகா இருக்கும்னா, நான் வேண்டாம் கண்ணு எடுத்த இடத்துலயே விடுன்னு கூட்டிட்டுப் போய் விட வச்சு, அங்கயே ஈர மண்ணுல குப்புற படுத்து எடுத்தேன். முதல் நாலஞ்சு படத்துல வெறும் சிவப்பு உருண்டை, குங்குமத்தை சிந்தின மாதிரி, கண்ணு காலு ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒரு ஸ்டாப் குறைச்சு, வெயில் படாம குடையை புடிச்சுக்க சொல்லி எடுத்தேன் பாருங்க, ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரிஞ்சுது, முதுகுல சின்ன சின்ன பள்ளம், முன்னங்காலை தூக்கி தடவித் தடவி போறது, மண்ணு சிவப்பு வேற இது சிவப்பு வேறன்னு பளிச்சுன்னு தெரியுது. புள்ளைக்கு அதை ஸ்கிரீன்ல பெருசாக்கி காட்டினப்ப கொஞ்ச நேரம் பேச்சே வரல. இந்த படத்துல போய் சேச்சுரேஷனை, அதாவது நிறத்தோட அழுத்தத்தை, ரெண்டு இழுப்பு இழுத்தா அந்த முடி எல்லாம் மறுபடி குங்குமமா போயிடும்.

நம்ம சேலம் மூக்கனேரி ஏரியில சிவப்பு தட்டான் பாக்குறோம்ல, அந்த ஆண் தட்டானும் சின்னதுல மஞ்சளாத்தான் இருக்கும், வயசு வந்தாத்தான் சிவக்கும். உடம்புல இருக்குற அதே நிறமிதான் வேதியியல் மாற்றத்துல சிவப்பாகுதுன்னு 2012ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. பாதி சிவந்த தட்டானை முழு சிவப்பாக்கி போட்டா அதோட வயசையே மாத்தி போட்ட மாதிரி.

மரத்துக்கும் இதே கதைதான். நம்ம சேலம் மாமரம் கொழுந்து விடும்போது செம்பு நிறத்துல மினுங்கும், கொஞ்ச நாள்ல பச்சையாயிடும், அதுல சிவப்பை ஏத்தினா பூவுன்னு நினைச்சுக்குவாங்க. மலையில மிளகுக்கொடி ஏத்துற கல்யாண முருங்கை இலை உதுத்து பூக்குறப்ப தேன்சிட்டு, மைனா, கரிச்சான் எல்லாம் ஒரே சண்டையா கெடக்கும், அப்ப எடுத்த படத்துல எது மொட்டு எது வாடினதுன்னு தெரியணுமுங்க. இன்னொண்ணு, படத்துக்காக அந்த கிளையை ஒடிக்கிறதை கண்ணால பாத்திருக்கேன், வயிறு எரியுது.

நீங்க அச்சு வேலையில இருக்கீங்க, எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. பேப்பர் அச்சுல சிவப்புன்னு தனி மை இல்ல, மெஜந்தாவும் மஞ்சளும் சேந்தாத்தான் சிவப்பு, நியூஸ் பேப்பர் தாளு மையை வேற உறிஞ்சி பரப்பிடுது, ஏத்த ஏத்த அப்பிக்கிட்டுதான் போகும். அதனால வாசகர் அனுப்புற படத்துல நிறத்தை தொடாம போடுங்க, கீழ எடுத்த இடமும் மாசமும் ஒரு வரி சேத்துடுங்க. கல்யாண முருங்கை இந்த வருசம் எந்த மாசம் பூத்துச்சுன்னு பின்னாடி வர்றவங்களுக்கு நம்ம பேப்பர்ல இருந்தே தெரியும்.

சின்னான் குஞ்சோட ஒரிஜினல் படத்தை இதோட மறுபடி அனுப்பியிருக்கேன். அச்சுல வந்ததை பக்கத்துல வச்சு ஒரு தடவை பாருங்கய்யா.

இப்படிக்கு
ஒரு வாசகன்,
அஸ்தம்பட்டி, சேலம்.