கேட்டால்தானே கணக்கு வரும்?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களின் (லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்) பொருளாதாரம் 2020-இல் 2.8 லட்சம் கோடி டாலர். தனி நாடாக இருந்தால் உலகில் 5-ஆம் இடம். இதைக் கேட்டதும் "மும்பைப் பொருளாதாரத்தில் தமிழரின் பங்கு எவ்வளவு?" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதற்கு மேடையில் யார் எந்தத் தொகையைச் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

அமெரிக்காவிலும் எடுத்த எடுப்பில் சரியாக வரவில்லை. 1970 சென்சஸில் 5 சதவீத வீடுகளில் மட்டும் இந்தப் பூர்வீகம் உண்டா என்று கேட்டார்கள். அதில் "மத்திய அல்லது தென் அமெரிக்கர்" என்றொரு கட்டம். நாட்டின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் குடியிருந்தவர்கள் பலர், லத்தீன் அமெரிக்காவோடு ஒட்டு உறவு இல்லாதவர்கள், நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று டிக் அடித்துவிட்டார்கள்! "இவற்றில் எதுவுமில்லை" என்பது கடைசிக் கட்டமாக இருந்தது. 1980-இல் எல்லோரிடமும் கேட்டு, "இல்லை" என்பதை முதல் கட்டமாக்கினார்கள். இன்று ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும் ஒரே படிவத்தில் பூர்வீகம், தொழில், வருமானம் மூன்றும் இருக்கின்றன. சூட்சுமம் அங்கேதான்.

இங்கே சென்சஸ் தாய்மொழியைக் கேட்கும், வருமானத்தைக் கேட்காது. தொழிலாளர் கணக்கெடுப்பு சம்பாத்தியம், மதம், சமூகப் பிரிவு எல்லாம் கேட்கும், தாய்மொழியை விட்டுவிடும். போதாததற்கு, சென்சஸ் விதிப்படி தாய்மொழி என்பது சிறுவயதில் தாய் பிள்ளையிடம் பேசிய மொழி. தாராவித் தமிழ்க் குடும்பத்தில் அம்மா இந்தியில் பேசி வளர்த்தால் பிள்ளை இந்திக் கணக்கில் போகும். ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாத பேரனும் அங்கே லத்தீனோ கணக்கில் நிற்கிறான்.

தமிழ்ச் சங்கங்கள் தாங்களே கணக்கெடுக்கலாம். ஆனால் விற்றுமுதலைக் கூட்டக் கூடாது. சைக்கிளில் இட்லி விற்பவர் நாளுக்கு 2,000 ரூபாய்க்கு விற்று, அதில் அரிசி, உளுந்து, கேஸுக்கு 1,100 போனால், அவர் வீடு உண்டாக்கிய மதிப்பு 900 மட்டுமே. 1,100 ரூபாய் சரக்கு ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கும். "வேலைக்குப் போறீங்களா?" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டால் "சும்மாதான் இருக்கேன்" என்பார். மாவு அரைத்தது யார், எத்தனை மணிக்கு எழுந்து வேகவைத்தது யார் என்று கேட்க வேண்டும். திருநெல்வேலிக்கு அனுப்பும் பணத்தைக் கழிக்கவும் வேண்டாம்; செலவாகும் இடம் எதுவானாலும் அது உண்டான இடம் மும்பை.

வாசகர்,
மாட்டுங்கா, மும்பை