அலுமினியம் அல்ல, செம்புதான்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

விலை மாறுவதைச் சொல்லத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தோம். அதற்கு முன் இன்னொரு விஷயத்தைப் பேசியே ஆக வேண்டியிருக்கிறது. கிண்ணியாப் பக்கமும் திருகோணமலை டவுனிலும் வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றுகிறது. மூடி கழற்றிய ஒரு வேரியாக், அதாவது கைப்பிடியைத் திருப்பி வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிற சாமான். உள்ளே சுற்றிய கம்பியான கொயிலின் மேல், மின்சாரத்தைத் தொட்டு எடுக்கும் காபன் கட்டையான பிரஷ் ஓடும் தடம் வெள்ளையாகத் தெரிகிறது. கீழே, "செம்புக்குக் காசு வாங்கிவிட்டு அலுமினியம் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று எழுதி, எங்கள் கடையின் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.

அந்த வேரியாக் எங்களிடம் வந்தது உண்மை. தேய்ந்துபோன பிரஷை மாற்றி, தடத்தைத் துடைத்து, இறுகிக் கிடந்த கைப்பிடி அச்சை இலகுவாக்கிக் கொடுத்தோம். கொயிலில் ஒரு சுற்றைக்கூடத் தொடவில்லை. அது பழைய வெளிநாட்டுச் சாமான், அன்று தொழிற்சாலையில் சுற்றிய சுற்றுத்தான் இன்றும் அதில் இருக்கிறது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது செம்பின் மேல் போட்ட வெள்ளிக் கலவைப் பூச்சு. இத்தனை காலம் காபன் தூள் படிந்து கறுப்பாகக் கிடந்தது. நாங்கள் துடைத்ததால்தான் வெளியே தெரிந்தது.

பூச்சு எதற்கு என்றால், செம்பு சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் கறுக்கும். கறுத்த இடத்தில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடும் கூடும், சூடு கூடினால் இன்னும் கறுக்கும். ஒரே இடத்தில் பிரஷை வைத்து நெடுநேரம் ஓட்டினால் அந்த இடம் கடைசியில் கருகியே போகும். இதைத் தடுக்கத்தான் நல்ல கம்பனிகள் தடத்துக்குப் பூச்சுப் போட்டன. அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ கம்பனி அப்படிப் பூசிய தடத்துக்கு டூராட்ராக் என்று தனிப் பெயரே வைத்திருந்தது. உப்புக் காற்று அடிக்கிற நம்முடைய ஊரில், அதுவும் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களில், அந்தப் பூச்சின் அருமை எங்களுக்கு நன்றாகத் தெரியும். வெறும் செம்புத் தடம் அங்கே பச்சை பிடித்து வருவதை அடிக்கடி பார்க்கிறோம்.

வேரியாக்கை அலுமினியத்தில் சுற்றி ஏமாற்றுவதும் நினைப்பதுபோல் சுலபமில்லை. எங்கள் 8 அம்பியர் வேரியாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வளைய வடிவ இரும்புக் கருவின் மேல் 1.6 மில்லிமீற்றர் செப்புக் கம்பி சுமார் 300 சுற்று. பிரஷ் ஒவ்வொரு சுற்றையும் தொட்டுப் போக வேண்டும் என்பதால் எல்லாம் ஒரே அடுக்கில் வர வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏற முடியாது. வளையத்தின் உள்பக்கத்தில் கம்பிகள் நெருக்கியடித்து உட்காரும். எத்தனை சுற்று என்பதைத் தீர்மானிப்பதே அந்த உள்வட்டம்தான். 300 கம்பி பக்கம் பக்கமாக உட்கார, கம்பியின் மேலுள்ள மின்காப்புப் பூச்சான எனாமலையும் சேர்த்தால், அரை மீற்றர் சுற்றளவு வேண்டும். அலுமினியம் செம்பின் 61 சதவீதம் அளவுதான் மின்சாரம் கடத்தும். அதே மின்தடைக்குள் நிற்க வேண்டுமானால் கம்பி 2 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்க வேண்டும். அப்போது உள்வட்டத்தின் சுற்றளவு 60 சென்ரிமீற்றரைத் தாண்டும். அதே கருவுக்குள் அது நுழையாது.

அப்படியே நுழைத்தாலும், அலுமினியத்தைச் சுரண்டியவுடன் அதன் மேல் ஒரு ஒக்சைட் படலம் உருவாகிவிடும். அது மின்சாரத்தை விடாது. அந்தத் தடத்தில் பிரஷை ஓட்டினால் பொறிதான் பறக்கும். இவ்வளவும் சொல்லியும் சந்தேகம் இருந்தால் உங்கள் வேரியாக்கைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். முனைக் கம்பியில் ஒரு துண்டு வெட்டிக் காட்டுகிறோம். வெட்டுவாயில் உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு. காசு எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். "உங்கள் சாமான் எரிந்துவிட்டது" என்று கொண்டுவரப்படும் வேரியாக்குகளில் பலவற்றில் கிரைண்டர் பிரஷ் மாட்டியிருக்கும். பிரஷ் எப்போதும் இரண்டு சுற்றுகளைச் சேர்த்துத்தான் தொடும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அது சிறியதுதான், ஆனால் தடை குறைந்த காபனை வைத்தால் அந்த இரண்டு சுற்றுக்குள்ளேயே பெரிய மின்னோட்டம் சுழன்று கம்பியைச் சுட்டுவிடும். அதனால்தான் வேரியாக் பிரஷை அளவான தடையோடு செய்கிறார்கள். கடையில் கிடைக்கிற காபனை அரத்தில் ராவி மாட்டாதீர்கள். அதேபோல, அந்த 8 அம்பியர் வேரியாக்கில் 2 கேவிஏ, அதாவது வோல்ட்டை அம்பியரால் பெருக்கிய அளவு, என்று எழுதியிருப்பது முழு வோல்ட்டேஜுக்கு. 50 வோல்ட்டில் வைத்தாலும் அதே 8 அம்பியர்தான் எடுக்கலாம். 40 அம்பியர் எடுக்க முடியாது.

சரி, இனி விலை. வேரியாக் சுற்றும் விலையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. செம்பின் விலையை நாங்கள் தீர்மானிப்பதில்லை. 2024 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு தொன் 11,000 டொலரைத் தாண்டியது. 2022க்கு முன் 200 ரூபாயாக இருந்த டொலருக்கு இப்போது கொடுப்பதும் உங்களுக்குத் தெரியும், 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். எங்களோடு நெடுங்காலம் கொயில் சுற்றிய தம்பியும் கட்டாருக்குப் போய்விட்டார். அவருக்கு நல்ல சம்பளம், எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் வளையக் கரு சுற்றுவது கைவேலை. கம்பியை நெசவுத் தறி ஓடம் போன்ற ஒரு கட்டையில் ஏற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடத்தை வளையத்துக்குள் விட்டு எடுத்து, விரலால் இழுத்து இறுக்க வேண்டும். ஒரு சுற்று தளர்ந்து மேலே எழும்பினாலும் பிரஷ் அதில் தட்டித் துள்ளும். புதிதாக வந்த இரண்டு பிள்ளைகள் பொறுமையாகப் பழகி வருகிறார்கள். இப்போதைக்குப் புதிய ஓடர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும், முற்பணமும் முழுதாக வாங்குவோம், பிரஷுக்கும் தடத்துக்கும் உத்தரவாதம் ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதம். வெல்டிங் பிளான்டின் கைப்பிடிக் கரு வேலைக்கும் ஸ்டெபிலைசர் திருத்தத்துக்கும் பழைய விலைதான்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நேரம், வார்னிஷ் சுடும் அடுப்பை மூட்ட முடியாமல் நாங்கள் நின்றபோது, கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்காமல் பொறுத்திருந்தவர்கள் நீங்கள். மூதூரிலிருந்து ஐஸ் பிளான்ட் முதலாளிகளும், தம்பலகாமத்து அரிசி ஆலைக்காரர்களும், சீனன்குடாப் பக்கத்து வெல்டிங் கடைத் தம்பிமாரும் இன்றும் எங்களைத் தேடி வருகிறீர்கள். அந்தப் படத்தைப் பார்த்தவுடன் போன் எடுத்து "இது என்ன கதை?" என்று நேரே கேட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படிக் கேட்பதுதான் எங்களுக்குப் பெரிய உதவி. படத்தை அனுப்பியவரும் வரட்டும். அவருடைய வேரியாக்கை அவர் முன்னிலையிலேயே கழற்றிக் காட்ட ஆயத்தமாக இருக்கிறோம்.

கடை வழமைபோல் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். ஏற்கெனவே முற்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலையும் பழைய உத்தரவாதமும் அப்படியே இருக்கும். பற்றுச்சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
திருகோணமலை