ஏ52 சாலை

நாட்டிங்ஹாம்,
ஞாயிறு மாலை

அன்பு மாப்ள,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று உன் மகன் சொன்னான். வீம்புக்கு மாடிப்படி ஏறாதே. இங்கே மகள் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். என் இங்கிலீஷைக் கேட்டுப் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

முழங்கால் என்றதும் கால்பந்து மேனேஜர் பிரையன் கிளஃப்தான் ஞாபகம் வருகிறார். கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் அவர் சிலையைத் தாண்டித்தான் போகிறேன். இரு கைகளையும் கோத்து உயர்த்தியபடி நிற்கிறார். நமக்குத் தெரிந்தது மேனேஜர் கிளஃப். ஆட்டக்காரர் கிளஃப் என்ன செய்தார் தெரியுமா? மிடில்ஸ்பரோ, சண்டர்லேண்ட் இரண்டு கிளப்புக்குமாக 274 லீக் ஆட்டத்தில் 251 கோல்! இரண்டாம் டிவிஷன்தான், இருக்கட்டுமே. 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எதிரணி கோல்கீப்பரோடு மோதி லிகமென்ட் அறுந்தது. வயது 27. உனக்கு இன்று கிடைத்த வைத்தியம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்றே லீக் ஆட்டம்.

30 வயதில் ஹார்டில்பூல்ஸ் என்ற கடைசிப்படி கிளப்புக்கு மேனேஜரானார். போகும்போதே பீட்டர் டெய்லரைக் கூட்டிக்கொண்டு போனார். மிடில்ஸ்பரோவில் உடன் ஆடிய பழைய கோல்கீப்பர். எந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது டெய்லர்; அவனை ஆட வைப்பது கிளஃப்பின் வாய். இரண்டாம் டிவிஷனில் கிடந்த டார்பி கிளப்பை 1972இல் லீக் சாம்பியனாக்கினார்கள். 1974இல் டெய்லர் பிரைட்டனில் தங்கிவிட, கிளஃப் தனியாக லீட்ஸ் கிளப்புக்குப் போனார். 44 நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள்! பிறகு இந்த ஊர் கிளப்பான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் மறுபடி ஜோடி சேர்ந்தார்கள். 1978இல் லீக், 1979, 1980 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை.

1982இல் டெய்லர் ஓய்வு என்று சொல்லி விலகினார். சில மாதத்திலேயே டார்பிக்கு மேனேஜராகப் போய் உட்கார்ந்தார். இந்த ஊருக்கும் டார்பிக்கும் ஆகவே ஆகாது. அதைக்கூடக் கிளஃப் பொறுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மறுவருஷம் ஃபாரஸ்டின் ஜான் ராபர்ட்சனை, 1980 இறுதியாட்டத்தின் ஒரே கோலைப் போட்டவரை, ஒரு வார்த்தை சொல்லாமல் டார்பிக்கு எடுத்துக்கொண்டார். ஆள் போனது பெரிதில்லை மாப்ள, சொல்லாமல் செய்ததுதான். இரண்டு ஊருக்கும் நடுவே ஏ52 சாலை. டெய்லர் கார் ரிப்பேராகி வழியில் நின்றால் ஏற்றிக்கொள்ள மாட்டேன், ஏற்றிக் கொன்றுவிடுவேன் என்று கிளஃப் பேப்பரில் சொன்னார். ஏழு வருஷம் பேச்சில்லை. 1990இல் டெய்லர் இறந்துபோனார். கிளஃப் அடக்கத்துக்குப் போய் நின்றார்.

டெய்லர் போனபின் ஃபாரஸ்டுக்கு லீக் கப் இரண்டு கிடைத்தது. லீக் பட்டமும் ஐரோப்பியக் கோப்பையும் திரும்பி வரவில்லை. நான் விலகினால் உன் வாழ்க்கையில் சிரிப்பு குறைந்துவிடும் என்று டெய்லர் ஒருமுறை சொன்னாராம். கிளஃப் தன் சுயசரிதையை அவருக்கே காணிக்கையாக்கி, நீ சொன்னது சரிதான் என்று எழுதினார். படிக்கத்தான் ஆள் இல்லை.

போன வாரம் மருமகன் காரில் டார்பிக்குக் கூட்டிப்போனார். அந்த ஏ52க்கு இப்போது 'பிரையன் கிளஃப் வே' என்று பெயர். டார்பி ஸ்டேடியத்துக்கு வெளியே இரண்டு பேரும் கோப்பையோடு சேர்ந்து நிற்கிறார்கள். சாரலில் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். மருமகன் பார்க்கிங் காசு ஏறுகிறது என்றார்.

அப்புறம் ஒரு சங்கதி. நம்ம கீப்பர் போன் பண்ணினான். உன் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்டான். இடது காலா வலது காலா என்று இரண்டு தடவை. நீங்கள் சேர்ந்து நடத்திய பிரஸ்ஸைப் பற்றியோ அந்த மெஷின் விற்ற காசைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. உன்னிடம் கேட்கச் சொன்னேன். சிரித்து மழுப்பினான். அவன் நம்பர் அதே பழைய நம்பர்தான்.

பங்குனியில் வந்துவிடுவேன். உனக்கு ஒரு ஃபாரஸ்ட் மஃப்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு அதை எங்கே சுற்றுவாயோ.

அன்புடன்,
உன் மாப்ள