சண்டை கேமில் ‘லக்’குக்கு எவ்வளவு இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கல்லூரி விழாக்களில் இப்போது கோலப்போட்டிக்குப் பக்கத்து அறையிலேயே டெக்கன், ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை வீடியோ கேம்களின் போட்டியும் ஓடுகிறது. தோற்றவர் “அவனுக்கு லக்குப்பா” என்று எழுந்து போவதும் வழக்கமாகிவிட்டது. 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டமும், இ-ஸ்போர்ட்ஸ் (போட்டியாக ஆடும் வீடியோ கேம்) என்றால் முடிவு திறமையால் மட்டுமே அமைய வேண்டும் என்கிறது. அதற்காகத் தற்செயலை அடியோடு துடைத்தெறிய வேண்டியதில்லை. அது எந்த நேரத்தில் நுழைகிறது என்று பார்த்தால் போதும்.

தாயத்தில் கட்டை உருண்ட பிறகுதான் எந்தக் காயை நகர்த்துவது என்று யோசிக்கிறோம். காயை வெட்டி முடித்த பிறகு கட்டையை உருட்டி, ‘இந்த வெட்டு செல்லாது’ என்றால் யார் ஆடுவார்கள்? 2008-இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலில் நடந்தது அதுதான். ஓடத் தொடங்கும்போது சுமார் நூற்றில் ஒரு தடவை வீரர் தானாகவே தடுக்கி விழுவார். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அதைத் தவிர்க்க வழியில்லை. 2014-இல் வந்த அடுத்த பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள், நல்ல வேளை.

அதே தொடரில் பீச் என்ற பாத்திரம் தரையிலிருந்து பிடுங்கி எறியும் டர்னிப் கிழங்கு வேறு ரகம். அதில் உள்ள முகத்தைப் பொறுத்து அடியின் பலம் மாறும். எந்த முகம் வரும் என்பது தற்செயல்தான். ஆனால் வந்த முகம் எதிராளி கண்ணுக்கும் தெரியும். பிடுங்கும் நேரத்தில் ஓடிவந்து அடிக்கவும் செய்யலாம். இது இருக்கட்டும். 2019-இல் சேர்ந்த ஹீரோ என்ற பாத்திரம் இரண்டும் கெட்டான். 21 மந்திரங்களில் தற்செயலாக வரும் 4 பட்டியலில் தெரிகின்றன, சரி. ஆனால் அவருடைய ஸ்மாஷ் அடி (பலத்த அடி) எட்டில் ஒரு தடவை வழக்கத்தைவிடப் பல மடங்கு கடுமையாக விழுவது பட்டனை அழுத்திய பிறகே முடிவாகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் போட்டி நடத்துவோர் அவரைத் தடையே செய்தார்கள். அது அதிகப்படி, ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலே போதும்.

ஊகத்தை லக் என்று சொல்வதுதான் பெரிய குழப்பம். டெக்கனில் ஒரு விநாடிக்கு 60 பிரேம், அதாவது திரையில் 60 படம் மாறும். 30 பிரேம் எடுக்கும் கீழ் உதையைக் கண்ணால் பார்த்தே தடுக்கலாம். 16 பிரேமில் வருவதை ஊகித்துத்தான் தடுக்க முடியும். அந்த ஊகம் எதிராளியின் பழக்கத்தைப் படிப்பதில் பிறக்கிறது. சுவரோரம் தள்ளியதும் இரண்டு தடவை கீழே உதைத்தவர் மூன்றாவதாகவும் உதைப்பாரா என்பதற்குப் பகடை தேவையில்லை.

உண்மையில் இங்கே முடிவைக் கெடுக்கும் லக், கேமுக்குள் இருப்பதைவிட மேசைமேல்தான் அதிகம். ஒரு டிவியில் கேம் மோடு, பக்கத்து டிவியில் சினிமா மோடு. இரண்டாவதில் பட்டன் அழுத்தியது தாமதமாகவே திரையில் தெரியும். முந்தைய ஆட்டக்காரரின் புளூடூத் கன்ட்ரோலர் இணைப்பு நீங்காமல் பையில் கிடக்கும். பட்டன் பட்டால் நடக்கும் ஆட்டம் இடைநிறுத்தத்தில் (pause) நின்றுவிடும். எல்லா டிவியிலும் கேம் மோடு, வயர் கன்ட்ரோலர், ஸ்மாஷில் நடுவே தோன்றும் ஆயுதம் போன்ற ஐட்டங்களும் மேடையே தரும் ஆபத்துகளும் ஆஃப், மேடைத் தேர்வை ரேண்டமில் விடக்கூடாது. இவ்வளவும் பத்து நிமிட வேலை.

நேரமில்லை என்று ஒரே ஆட்டத்தில் ஆளை வெளியேற்றுவது இதைவிட மோசம். ஓர் ஆட்டத்தில் 60 சதவீத வாய்ப்புள்ளவர், மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்று வைத்தால் சுமார் 65 சதவீதமும், ஐந்தில் மூன்று என்றால் சுமார் 68 சதவீதமும் வெல்வார். லாபம் சிறிதுதான். அதனால் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற முறையையும் சேர்க்க வேண்டும். ஒரே தோல்வியில் வெளியேற்றினால் 32 பேருக்கு 31 மோதல், இந்த முறையில் அது 62 அல்லது 63 ஆகும். மோதலுக்கு ஆறு நிமிடம் என்றாலும் இரண்டு டிவி இருந்தால் மூன்றேகால் மணி நேரத்துக்குள் அடங்கும்.

கரண்ட் போனால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள்: அந்த ஓர் ஆட்டம் மட்டும், அதே வீரர்கள், அதே மேடையில், முதலிலிருந்து.

இப்படிக்கு,
சண்டை கேம் போட்டி நடுவர்கள் சிலர்,
கும்பகோணம்.